மருந்தும் துஆவும் – மஸீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் வாழ்வு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகள். நம் வாலிபர்கள் பலர் வெளியூர்களிலிருந்து வந்து, இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறி மாறி அங்கே உழைக்கிறார்கள். ரமளானுக்குச் சற்று முன்பு, அப்பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆ முடிந்ததும் ஒரு தகப்பனார் நம்மைத் தனியே அழைத்துப் பேசினார். அவருடைய மகன் சில வாரங்கள் உறக்கமே இல்லாமல் ஓயாது பேசி, கையிலிருந்த பணத்தையெல்லாம் வாரி இறைத்தானாம். பிறகு பாயை விட்டு எழாமல், உணவும் கொள்ளாமல், வாழ்வையே வெறுத்துக் கிடந்தானாம். இது இருதுருவ மனநோய் என்று டாக்டர் கண்டறிந்து லித்தியம் மாத்திரை கொடுக்க, பையன் தேறிவிட்டான். ஆனால் உறவினர்களோ, இது ஈமானின் பலவீனம், மாத்திரையை விட்டுவிட்டு ஓதிப் பார்த்தால் போதும் என்கிறார்களாம். மாத்திரையை நிறுத்தலாமா? மகன் நோன்பு பிடிக்கலாமா? இவையே அவருடைய கேள்விகள்.

அவருக்கு நாம் சொன்ன பதிலைக் கூறுமுன், ஒரு பெரியாரின் வாழ்வை இங்கே நினைவுகூர்வோம். ஓதுவதையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று பகையாக எண்ணாதவர் அவர்.

ஹகீம் அஜ்மல் கான் அவர்கள் 1868-ஆம் ஆண்டு டில்லியில் பிறந்தார்கள். முகலாய மன்னர்களுக்கு மருத்துவம் செய்த குடும்பம் அவர்களுடையது. பல்லிமாரான் தெருவிலுள்ள ஷரீஃப் மன்ஸில் என்னும் அவர்களது இல்லமே ஒரு மருத்துவமனை போல் விளங்கியது. சிறு வயதிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிஸ் ஆனார்கள். அதன்பின் தம் வீட்டுப் பெரியோரிடமே யூனானி மருத்துவம் பயின்றார்கள். 1892 முதல் சுமார் பத்து ஆண்டுகள் ராம்பூர் நவாபின் மருத்துவராக இருந்து, பின்னர் டில்லிக்குத் திரும்பினார்கள். திருமறையை நெஞ்சில் சுமந்த அதே மனிதர்தாம், நோயாளியின் நாடியையும் கையில் பிடித்தார்.

அக்காலத்தில் கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கி, வீட்டுக்குள்ளேயே நோயோடு வாடினார்கள். இதைக் கண்ட ஹகீம் அவர்கள், 1909-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, தாதிகளுக்கு முறையான பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார்கள். மருந்தை எழுதிக் கொடுப்பவர் ஒருவர். அதை வேளை தவறாமல் புகட்டி, அருகிலிருந்து பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1911-இல் ஐரோப்பா சென்று அங்குள்ள மருத்துவமனைகளைக் கண்டார்கள். 1916-இல் டில்லியில் திப்பியா கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1921-இல் காந்தியடிகள் அதைத் திறந்து வைத்தார். யூனானியும் ஆயுர்வேதமும் அங்கே ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. 1920-இல் ஆங்கில அரசு தந்த பட்டத்தை அவர்கள் துறந்தபோது, மக்கள் மஸீஹுல் முல்க் என்ற பட்டத்தைச் சூட்டினார்கள். அதே ஆண்டில் உருவான ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தரும் அவர்களே. 1921-இல் அகமதாபாத் காங்கிரசுக்கும் தலைமை ஏற்றார்கள்.

முன்னோர் சொன்னது என்பதற்காக மட்டும் ஒரு மருந்தை நம்புவது போதாது, அதைப் புதிய விஞ்ஞானத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்களது கொள்கை. அதற்காகவே, ஜெர்மனியில் படித்த ஸலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளம் இரசாயன அறிஞரைத் திப்பியா கல்லூரியின் ஆராய்ச்சிக்கு அழைத்தார்கள். ஆனால் அந்த ஆராய்ச்சியின் பலனைக் காண அவர்களுக்கு ஆயுள் இல்லை. 1927 டிசம்பர் 29 அன்று ஹகீம் அவர்கள் வபாத்தானார்கள்.

அவர்கள் ஊன்றிய விதையோ முளைத்தது. சர்ப்பகந்தி என்றொரு செடி உண்டு. அதன் வேரை மனம் பேதலித்தவர்களுக்குக் கொடுப்பது நம் நாட்டுப் பழக்கம். பீகாரில் அதற்குப் பைத்திய மருந்து என்றே பெயர். சித்தீக்கி அவர்கள் 1931-இல் அவ்வேரிலிருந்து பல சத்துக்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்குத் தம் புரவலரின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார்கள். அது பின்னாளில் இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்தாயிற்று. மனநோய்க்கு உதவிய ரெசர்ப்பின் என்ற சத்தை 1952-இல் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் அதே வேரிலிருந்து பிரித்தார்கள். வெறி அடங்காத நோயாளிகள் பலர் அதனால் அமைதி பெற்றனர். ஆனால் அதை உட்கொண்ட சிலருக்கு மனச்சோர்வு தோன்றியதையும் மருத்துவர்கள் கண்டார்கள். ஒரு சத்து மூளையில் வேலை செய்து மனத்தை மாற்றுகிறதென்றால், மனநோய்க்கு உடலிலும் வேர் உண்டு என்பது விளங்கவில்லையா? அந்த மருந்துக்குப் பதிலாக மேலானவை வந்தன. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்த லித்தியத்தின் பயன் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

அந்தத் தகப்பனாருக்கு நாம் சொன்னது இதுதான்: நீரிழிவுக்காரரை ஈமான் குறைந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் மகனையும் அப்படிச் சொல்லாதீர்கள். ஓதுங்கள், துஆச் செய்யுங்கள், மாத்திரையையும் கொடுங்கள். ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணம் உண்டென்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. தேறிவிட்டான் என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். அவனது உறக்கத்தைக் கவனியுங்கள். உறக்கம் குறைவது பல வேளைகளில் நோய் திரும்புவதன் முதல் அறிகுறி. சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

நோன்பைப் பொறுத்தவரை, லித்தியம் உண்பவரின் உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடலாம். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆகவே டாக்டரைக் கேளாமல் நோன்பு வைக்கக் கூடாது. நோயாளிக்கு அல்லாஹ் தன் வேதத்திலேயே சலுகை அளித்திருக்கிறான். நம்பிக்கைக்குரிய மருத்துவர் தடுத்தால் நோன்பை விட்டு, குணமான பின் களாச் செய்யலாம். அதற்கு வழியே இல்லையென்றால் ஃபித்யா உண்டு. ரப்பு தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே.

2001-ஆம் ஆண்டு ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறக்கலாகாது. அவர்களையும் யாரோ நம்பி விட்டுச் சென்றவர்கள்தாம். மருந்தும் அருகில் ஒரு மனிதரும் இல்லாத இடத்தில் நோயாளியை விட்டு வருவது தவக்குல் ஆகாது.

அந்த டாக்டர் இவ்வாண்டு நோன்பு வேண்டாமென்று சொல்லிவிட்டார். பையன் நோன்பு வைக்கவில்லை; பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். தராவீஹில் தகப்பனாரின் பக்கத்தில் நின்று தொழுதுவிட்டு, நேரே வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுக்கொண்டு உறங்கினான்.

ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் மண்ணறையை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! நம் இல்லங்களில் மனம் நொந்திருப்போருக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்குப் பொறுமையையும் தருவானாக! ஆமீன்.