பிள்ளைகளுக்குப் பக்கம் ஒதுக்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி



நம் பள்ளி நூலகத்தில் படநூல்கள் அடுக்கியுள்ள அலமாரியை நீங்கள் எல்லீரும் அறிவீர்கள். யானைப் படம் போட்ட நூலுக்கு முதலாம் ஆண்டு மாணவரிடையே எந்நாளும் போட்டிதான். அந்நூல் உங்கள் கைக்கு வந்தது எவ்வாறு என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஒருவர் கதை எழுதினார். ஒருவர் படம் வரைந்தார். ஒருவர் அச்சிட்டார். ஒருவர் காசு கொடுத்து வாங்கினார். இவர்களுள் ஒருவர் இல்லையெனினும் அந்நூல் இங்கு வந்திராது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்றபோது கொமேனியசு என்னும் ஐரோப்பிய ஆசிரியரைப் பற்றிப் படித்தேன். அவர் 1658-ஆம் ஆண்டில் படங்களோடு கூடிய பாடநூல் ஒன்றைப் பிள்ளைகளுக்கென வெளியிட்டார். பொருளைப் படத்தில் கண்டு, அதன் பெயரைச் சொல்லில் அறிவதே அந்நூலின் முறை. நல்ல நூல் ஒன்றை ஒருவர் ஆக்கிவிடலாம். ஆயினும், எழுதுவோரும் படிப்போரும் வாங்குவோரும் தலைமுறை தலைமுறையாகத் தோன்றிக்கொண்டிருக்க வேண்டுமானால், அவர்களை ஒன்றுகூட்டுவார் ஒருவர் வேண்டும். நமக்குத் தெற்கே, ஜொகூர் பாலத்தைக் கடந்தால் வரும் சிங்கப்பூரில் அத்தகைய பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். அவரே தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள்.

பிறப்பும் வருகையும்

கோ. சாரங்கபாணி 1903-ஆம் ஆண்டில் தமிழகத்தில் பிறந்தவர். திருவாரூர் அவருடைய ஊர். 1924-இல், இருபத்தோரு வயது இளைஞராகக் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். கணக்கெழுதும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் வாங்கித் தம் வாழ்வைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால், தம்மைச் சுற்றி வாழ்ந்த தமிழரின் நிலை அவர் உள்ளத்தை வருத்தியது. துறைமுகத்திலும் நகரிலும் உழைத்த நம்மவரிற் பலர் எழுத்தறியாதவராக இருந்தனர். சாதி வேற்றுமையும் குடிப்பழக்கமும் அவர்களைப் பிரித்தும் வறுமையில் ஆழ்த்தியும் வந்தன.

ஆகவே, அவர் பேனாவைக் கையில் எடுத்தார். முன்னேற்றம் என்னும் இதழில் பணியாற்றி இதழியல் பயின்றார். 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். அச்சங்கத்தின் சார்பில் 1935-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் தமிழ் முரசு பிறந்தது. தொடக்கத்தில் அது வார இதழ். விலை ஒரு காசு. ஏழைத் தொழிலாளியும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதே நோக்கம். பின்னர் அதனைச் சாரங்கபாணி அவர்களே பொறுப்பேற்று நாளிதழாக வளர்த்தார்.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் முரசு நின்றது. போர் முடிந்தபின் மீண்டும் முழங்கியது. 1946-இல் இந்தியன் டெய்லி மெயில் என்னும் ஆங்கில நாளிதழையும் அவர் தொடங்கினார். தமிழ் அறியாத இந்தியருக்கும் அரசாங்கத்தாருக்கும் நம் குறைகள் எட்ட வேண்டுமல்லவா?

மாணவர் மணிமன்றம்

இனி, மாணவர்களே, உங்களுக்கு நெருக்கமான செய்திக்கு வருகிறேன்.

அந்நாளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழ்ப் பள்ளிகளிற் பயின்ற பாடநூல்களிற் பல தமிழகத்திலிருந்து வந்தவை. அவற்றில் காவிரி இருந்தது. நம் ஆறுகள் இல்லை. நெல்வயல் இருந்தது, பால்மரம் இல்லை. இந்நாட்டுப் பிள்ளை தன் கண்ணால் கண்டதைத் தமிழில் எழுதினால், அதனை வெளியிட இடம் வேண்டுமே!

அவ்விடத்தைச் சாரங்கபாணி கொடுத்தார். 1950-களில் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதி மலர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளும் இளைஞரும் அதற்குக் கதை, கவிதை, கட்டுரைகளை எழுதி அனுப்பினர். பெரியோர் படிக்கும் அதே நாளிதழில் சிறுவர் எழுத்தும் அச்சேறியது. தன் பெயரை அச்சில் கண்ட பிள்ளை அடுத்த கிழமையும் எழுதாமல் இருப்பானா? அவனைக் கண்ட தோழன்தான் சும்மா இருப்பானா? இவ்வாறு ஒருவரை ஒருவர் படித்து, ஒருவரை ஒருவர் ஊக்கி வளர்ந்த இளைஞர் கூட்டத்திலிருந்து பிற்காலத்தில் எழுத்தாளரும் ஆசிரியரும் இதழாளரும் தோன்றினர்.

1952-இல் அவர் தொடங்கிய தமிழர் திருநாளும் இதற்குத் துணை நின்றது. சாதி சமய வேற்றுமையின்றித் தமிழர் கூடிக் கொண்டாடிய அவ்விழாவில் மாணவருக்கான போட்டிகள் நடைபெற்றன.

ஏறத்தாழ இதே காலத்தில், 1950-இல், சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா அதன் உயிர்நாடியாக விளங்கினார். அங்கே பிள்ளைகளுக்காக எழுதும் பெரியோர் ஒன்றுகூடினர். இங்கே பிள்ளைகளே எழுதுவோராகத் திரண்டனர். சாரங்கபாணி படநூல் வெளியிட்டவர் அல்லர். ஆயினும், அத்தகைய நூல்கள் முளைப்பதற்குரிய மண்ணைப் பண்படுத்திய உழவர் அவர்.

ஆளுக்கு ஒரு வெள்ளி

தோட்டத் தொழிலாளப் பெருமக்களே! அடுத்த செய்தி உங்கள் முன்னோரைப் பற்றியது. சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்கே எம்மொழிக்கு முதலிடம் தருவது என்ற வினா எழுந்தது. சமஸ்கிருதமே தக்கது என்றனர் சிலர். இந்நாட்டில் வாழும் இந்தியருள் மிகப் பலர் தமிழராதலின் தமிழே வேண்டும் என்று சாரங்கபாணி தம் இதழில் வாதாடினார். வாதத்தோடு நில்லாமல், தமிழ் எங்கள் உயிர் என்னும் பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பது அவர் வேண்டுகோள். தோட்டங்களிலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்தியவர்கள் மனமுவந்து கொடுத்தனர். பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்திற்கு அந்நிதி பயன்பட்டது. தமக்கு எழுத்துத் தெரியாதவரும், தாம் ஒருநாளும் காணாத மாணவருக்காக நூல் வாங்கக் காசு கொடுத்தனர். இதனினும் பெரிய கொடை எது?

1950-களின் பிற்பகுதியில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, சிங்கப்பூர்த் தமிழர் தயங்காமல் குடியுரிமை பெறவேண்டும் என்று அவர் ஓயாது அறிவுறுத்தினார். தமிழர் அவரைத் தமிழவேள் என்று போற்றினர்.

அவர் வாழ்விலும் இடர்கள் இல்லாமல் இல்லை. 1963-இல் தமிழ் முரசில் வேலைநிறுத்தம் மூண்டு இதழ் நின்றது. தொழிலாளருக்காகத் தோன்றிய இதழிலேயே தொழிலாளர் பிணக்கு நேர்ந்தது வருந்தத்தக்கதே. மறு ஆண்டு முரசு மீண்டும் வெளிவந்தது. 1974-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் மறைந்தார்.

விளக்கு அணையவில்லை

சிங்கப்பூரில் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இறுதியாக எஞ்சியிருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982-இல் மூடப்பட்டது. ஆயினும் அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக நிற்கிறது. பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தமிழ் முரசும் நின்றுவிடவில்லை. குட்டி இந்தியா எனப்படும் சிராங்கூன் சாலை வட்டாரத்தில், கேம்பல் சந்தில், 2015-இல் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையம் நம் முன்னோரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறது. ஆசியச் சிறுவர் நூல்களுக்கென 2010-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற விழாவில் எழுத்தாளரும் ஓவியரும் ஒருங்கே கூடுகின்றனர்.

நம் நிலை யாது? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் நகரம் நோக்கிச் செல்கின்றன. தோட்டப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறது. மூடிய பள்ளியைத் திறப்பது அரிது. திறந்திருக்கும் பள்ளியில் தமிழை வளர்ப்பது நம் கையில் உள்ளது.

பெற்றோர்களே! படிக்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டா. மாலையில் பிள்ளை கொண்டுவரும் படநூலை அருகில் அமர்ந்து பாருங்கள். படத்தைக் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். பிள்ளை படித்துச் சொல்லும். படித்த நூலை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

மாணவர்களே! உங்கள் தோட்டத்தைப் பற்றி நீங்களே எழுதுங்கள். நெற்றி விளக்குக் கட்டி விடியுமுன் பால்மரம் சீவச் சென்ற பாட்டியின் கதையைக் கேட்டு எழுதுங்கள், படமும் வரையுங்கள். நல்லவற்றைத் தைத்து நூலாக்கி, நம் அலமாரியில் யானை நூலின் பக்கத்தில் வைப்போம். அடுத்த ஆண்டு மலரில் உங்களுக்கெனச் சில பக்கங்கள் ஒதுக்கப்படும். தமிழவேள் காட்டிய வழி அது.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!