பாயிண்ட்டையும் சிக்னலையும் பூட்டிப் போட்ட தச்சர்

நம்ம மாதவரத்துக்குப் பக்கத்துல இருக்கிற ராயபுரம் ஸ்டேஷன்ல இருந்து தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பினது 1856 ஜூலை 1-ல். அதே 1856-ல் இங்கிலாந்தில் ஒரு தச்சர் ஒரு காப்புரிமை வாங்கினார். அவர் பேரு ஜான் சாக்ஸ்பி. ரயில்ல போற எல்லாரும் இன்னைக்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கோம்.

1821-ல் பிரைட்டன் நகரத்தில் பிறந்தவர். சின்ன வயசுலேயே தச்சு வேலை கத்துக்கிட்டு, அப்புறம் லண்டன் பிரைட்டன் ரயில்வேயில் சேர்ந்தார். அப்போ தண்டவாளம் பிரியற இடத்துல பாயிண்ட்டைத் திருப்பறது ஒரு வேலை, சிக்னல் காட்டறது வேற வேலை. ரெண்டுக்கும் நடுவுல இருந்த ஒரே இணைப்பு மனுஷனோட கவனம்தான். அது ஒரு நொடி தவறினா, சிக்னல் நேரா போகச் சொல்லும், பாயிண்ட் ரயிலைப் பக்கத்து லைனுக்குத் தள்ளிடும்.

சாக்ஸ்பி ரெண்டையும் லீவர் மூலமா இணைச்சார். முதல் வடிவத்துல ரெண்டும் சேர்ந்து நகரும், அவ்வளவுதான். 1860-ல் அதைத் திருத்தினார். 1862-ல் ஜான் ஃபார்மரோட கூட்டு சேர்ந்து சாக்ஸ்பி அண்ட் ஃபார்மர் கம்பெனி ஆரம்பிச்சார். இன்டர்லாக்கிங்னு நாம படிக்கிறதோட விதி இதுதான்: பாயிண்ட் சரியான பக்கம் முழுசா திரும்பின பிறகுதான் சிக்னல் விழும். சிக்னல் விழுந்திருக்கும் வரைக்கும் பாயிண்ட்டை அசைக்க முடியாது. பயணிகள் பாதைகளுக்கு இதை பிரிட்டன் 1889-ல் சட்டமாவே ஆக்கிடுச்சு. அதையும் பார்த்துட்டு, 1913-ல் தன்னோட 91-வது வயசுல சாக்ஸ்பி இறந்தார்.

சரி, லீவர் எல்லாம் பழைய கதைதானேன்னு தோணலாம். இன்னைக்கு அந்த லீவரோட இடத்துல டேட்டா இருக்கு. ரயில் பாதை விவரங்களை ஒரு மென்பொருள்ல இருந்து இன்னொண்ணுக்கு அனுப்ப ரயில்எம்எல்னு ஒரு எக்ஸ்எம்எல் தரநிலை இருக்கு. 2002-ல் தொடங்கின முயற்சி அது. அதுல ஒரு பாயிண்ட்டை எழுதறது லேசான வேலை இல்லை. மூணு தண்டவாளம் ஒரு இடத்துல சேருது, அப்போ மூணு ஜோடி. அதுல ரெண்டு ஜோடி வழியாத்தான் ரயில் போகும். இடது கிளையில இருந்து நேரா வலது கிளைக்குப் போக முடியாது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்துல போடற மாதிரி வெறும் ஒரு நோட், மூணு எட்ஜ்னு வரைஞ்சா, போகவே முடியாத அந்தப் பாதையையும் புரோகிராம் சரின்னு காட்டும். அதனாலதான் புது வடிவத்துல தண்டவாளமே நோட். ஒவ்வொரு ஜோடிக்கும் போகலாமா, கூடாதாங்கறது தனியா எழுதப்படுது.

இது வெறும் தேர்வுக் கேள்வி இல்லை. 2023 ஜூன் 2-ல் ஒடிசாவின் பாலசோர் பக்கத்துல, நம்ம சென்னைக்கு வந்துட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் சிக்னல் பச்சை காட்டுச்சு. பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290 பேருக்கு மேல இறந்தாங்க. சிக்னல் சர்க்யூட்டை மாத்தின வேலையில நடந்த தவறுதான் காரணம்னு விசாரணை அறிக்கை சொல்லுது. சாக்ஸ்பி இரும்புல போட்ட பூட்டு, ஒயர்ல விட்டுப் போச்சு.

நாளைக்கு உங்கள்ல யாராவது அந்த ஃபைலை எழுதலாம், இல்ல அதைப் படிக்கிற புரோகிராமை எழுதலாம். பாயிண்ட் ஒரு வரி, சிக்னல் இன்னொரு வரி. ரெண்டையும் சேர்க்கிற மூணாவது வரிதான் சாக்ஸ்பியோட வரி. அதை விட்டுடாதீங்க.