கிழிந்த ரிக்கற்றிலிருந்து ஒரு வீடு

கேர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது பல்கலைக்கழகத்தில், அச்சு வடிவமைப்புப் பாடத்தில். 1920களில் ஜேர்மனிய விளம்பரங்களின் தோற்றத்தை மாற்றியவர்களில் ஒருவர் என்று ஒரு வரி. பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. வீதியில் கிடந்த ட்ராம் ரிக்கற்றைப் பொறுக்கிப் படம் செய்தவர் என்பதும், ஒரே வேலையை மூன்று நாடுகளில் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தவர் என்பதும் பிறகு நானாகத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

1887இல் ஹனோவர் நகரில் பிறந்தவர். ட்ரெஸ்டன் கலைக்கழகத்தில் முறைப்படி ஓவியம் கற்றவர். முகங்களும் நிலக்காட்சிகளும் கடைசிவரை வரைந்துகொண்டுதான் இருந்தார். முதலாம் உலகப் போரின்போது வலிப்பு நோய் இருந்ததால் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. இரும்புத் தொழிற்சாலையொன்றில் இயந்திர வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. அவருடைய படங்களில் சக்கரங்கள் சுழலத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பிக்காசோவும் பிராக்கும் 1912இலேயே பத்திரிகைத் துண்டுகளை ஓவியத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டார்கள். பேர்லினில் இருந்த 'டெர் ஸ்டுர்ம்' காட்சியகம் வழியாக ஷ்விட்டர்ஸுக்கு இந்தப் புதிய போக்குகளும் ஹான்ஸ் ஆர்ப் போன்ற நண்பர்களும் அறிமுகமானார்கள். ஆனால் அவர் கடதாசியோடு நிற்கவில்லை. ஆணி, கம்பி, பலகைத் துண்டு, துணி என்று எல்லாவற்றையும் படத்துக்குள் கொண்டுவந்தார். 1919இல் ஒரு வங்கி விளம்பரத்தில் 'கொமேர்ட்ஸ்' என்று இருந்ததை வெட்டியபோது 'மேர்ட்ஸ்' மட்டும் மிஞ்சியது. அர்த்தமில்லாத அந்த மிச்சத்தையே தன் கலைக்கெல்லாம் பெயராக வைத்துக்கொண்டார்.

வேலை செய்த விதம் எளிமையானது. கோதுமை மாவைக் கரைத்துப் பசையாக்கி அட்டையில் பூசுவார். ஈரம் காயுமுன் துண்டுகளை அங்குமிங்கும் நகர்த்திப் பார்ப்பார். ஒரு நீலத்துக்குப் பக்கத்தில் எந்த மங்கல் மஞ்சள் நிற்கும் என்பதுதான் அவருக்குக் கேள்வி. ரிக்கற்றில் எழுதியிருந்தது இரண்டாம் பட்சம். பேர்லின் டாடா கலைஞர்கள் சிலர் இதை அரசியல் இல்லாத, நடுத்தர வர்க்கத்து வேலை என்று ஒதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்று, பணத்தின் பெறுமதி கரைந்துகொண்டிருந்த ஒரு நாட்டின் குப்பை அது. அதைப் பார்க்கத்தக்கதாக நிமிர்த்தி வைப்பது சும்மா அழகு பார்க்கும் வேலையல்ல.

1923 அளவில் ஹனோவரில் தன் பெற்றோரின் வீட்டுக்குள்ளேயே ஒரு கட்டமைப்பைத் தொடங்கினார். 'மேர்ட்ஸ்பௌ'. பலகையும் சாந்தும் கொண்டு அது அறை அறையாக வளர்ந்தது. உள்ளே சிறு குகைகள். அவற்றில் நண்பர்களிடமிருந்து எடுத்த பென்சில், தலைமயிர், கழுத்துப்பட்டித் துண்டு. சில பொருட்கள் உரியவர்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டவையாம்!

நாசிகளின் காலத்தில் இது நீடிக்கவில்லை. 1937 ஜனவரியில் மகன் ஏர்ன்ஸ்ட்டைத் தொடர்ந்து நோர்வேக்குப் போனார். அதே ஆண்டு மியூனிக்கில் நடந்த 'சீரழிந்த கலை' கண்காட்சியில் அவருடைய படங்களும் கேலிக்கு வைக்கப்பட்டன. ஒஸ்லோவுக்கு அருகில் லைசாக்கரில் இரண்டாவது கட்டமைப்பைத் தொடங்கினார். 1940இல் ஜேர்மன் படைகள் அங்கும் வந்தன. பனியுடைக்கும் கப்பலொன்றில் தப்பி ஸ்கொட்லாந்தில் இறங்கியவரை, பிரித்தானியா எதிரிநாட்டவர் என்று தடுத்து வைத்தது. 1941 நவம்பர் வரை ஐல் ஒஃப் மான் தீவில் ஹட்சின்சன் முகாம்.

அங்கே ஓட்ஸ் கஞ்சியில் சிற்பம் செய்தார், அது பூஞ்சணம் பிடித்து நாறியது என்ற கதையைப் பலரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். முகாமில் வாழ்ந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்காது. கையில் சாந்து இல்லை, கஞ்சி இருந்தது. அவ்வளவுதான்.

1943 ஒக்டோபரில் நேச நாட்டு விமானங்களின் குண்டுகளில் ஹனோவர் வீடு மேர்ட்ஸ்பௌவோடு அழிந்தது. அப்போது அவர் லண்டனில், குண்டு போட்ட தரப்பிடம் தஞ்சம் கேட்டு வந்தவராக இருந்தார். மனைவி ஹெல்மா ஹனோவரிலேயே தங்கிவிட்டவர். சொத்துகளையும் படைப்புகளையும் பார்த்துக்கொண்டவர், போர் தொடங்கும்வரை நோர்வேக்குப் போய்க் கணவனைப் பார்த்து வந்தவர். 1944 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். செய்தி கணவனுக்கு டிசெம்பரில்தான் கிடைத்தது. கலை வரலாற்றில் அவருக்கு ஒரு பந்திக்கு மேல் ஒதுக்குவதில்லை. ஷ்விட்டர்ஸ் போன இடமெல்லாம் புதிதாகத் தொடங்கினார் என்று வியக்கிறோம். பழையதைக் காவல் காத்தது யார் என்று கேட்பதில்லை.

1945இல் எடித் தோமஸ் என்ற தோழியோடு வடக்கு இங்கிலாந்தின் அம்பிள்சைட்டுக்குக் குடிபெயர்ந்தார். பிழைப்புக்கு ஊரவர்களின் முகங்களை வரைந்து விற்றார். 1947இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 1000 டொலர் உதவி வழங்கியது. கடிதம் வந்தது அவருடைய 60ஆவது பிறந்த நாளில். அந்தப் பணத்தை நம்பி எல்டர்வோட்டரில் ஒரு கல் கொட்டகையில் மூன்றாவது கட்டமைப்பைத் தொடங்கினார். சாந்து, கல், தடி, ஒரு பூவாளியின் வாய். உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. ஒரு சுவர் மட்டும் ஓரளவு உருவானது.

1948 ஜனவரி 7ஆம் திகதி பிரித்தானியக் குடியுரிமை கிடைத்த செய்தி வந்தது. மறுநாள் இறந்துபோனார். நோர்வேயில் விட்டு வந்தது 1951இல் தீயில் எரிந்தது. கொட்டகையின் அந்த ஒற்றைச் சுவரை 1965இல் பெயர்த்தெடுத்து நியூகாசிலில் உள்ள ஹற்றன் காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.