கல்லில் மூளை கண்ட அம்மையார்

எலும்பு கல்லாகும், பல் கல்லாகும். மென்மையான மூளை கல்லாகுமா? இறந்த சில நாட்களிலேயே அழுகி மறையும் மூளையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் எப்படி ஆராய்வது? இக்கேள்விக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டில்லி எடிங்கர் அம்மையார்.

இவர் 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் லுட்விக் எடிங்கர் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர். இளமையிலேயே அம்மையாரின் செவிப்புலன் குன்றத் தொடங்கியது. ஆயினும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. நோத்தோசாரஸ் என்னும் பழங்காலக் கடல் ஊர்வனவற்றை ஆராய்ந்து 1921-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்விலங்கின் மண்டையோட்டுக்குள் புகுந்த சேறு இறுகிக் கல்லாகி, மூளைக்குழியின் வடிவத்தைக் காட்டிற்று. அதுவே அவருக்கு வழிகாட்டியாயிற்று. உலகெங்கும் சிதறிக் கிடந்த இத்தகைய சான்றுகளைத் தொகுத்து, 1929-இல் தொல்லுயிர்களின் மூளை பற்றிய நூலை வெளியிட்டார். தொல்நரம்பியல் என்னும் துறைக்கு அதுவே அடித்தளம்.

பிராங்க்பர்ட்டின் செங்கன்பர்க் அருங்காட்சியகத்தில் அவர் ஊதியமின்றிப் பணியாற்றினார். 1933-இல் இட்லர் ஆட்சி வந்தது. அம்மையார் யூதர். அவரது அறைக்கதவிலிருந்த பெயர்ப்பலகை அகற்றப்பட்டது. எனினும் மறைவாக ஆய்வைத் தொடர்ந்தார். 1938 நவம்பரில் யூதர்கள் மீது நிகழ்ந்த வன்முறைக்குப் பின் அதற்கும் வழியில்லாமற் போயிற்று. 1939-இல் லண்டனுக்கும், 1940-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். தாய்நாட்டில் தங்கிய சகோதரர் நாஜிக் கொடுமைக்குப் பலியானார்.

குதிரை மூளையின் பரிணாமம் பற்றிய அவரது நூல் 1948-இல் வெளிவந்தது. இன்று வாழும் விலங்குகளை வரிசைப்படுத்தி, பழைய மூளையை ஊகித்தல் போதாது. புதைபடிவமே நேர்ச்சான்று என்று அவர் நிறுவினார். முதுகெலும்புள்ள தொல்லுயிர்களை ஆராயும் அமெரிக்கச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். 1967-இல் சாலையில் வண்டி மோதி மறைந்தார்.

இன்று மண்டையோட்டை உடைக்காமலே சி.டி. ஸ்கேன் மூலம் அதன் உட்புறத்தைக் காண்கிறோம். முதலையின் பழைய உறவினங்கள் சில, கால்கள் துடுப்பாக மாறிக் கடலில் வாழ்ந்தவை. நிலத்திலிருந்து கடலுக்குச் சென்றபோது அவற்றின் உள்செவி சிறுத்து அடக்கமாயிற்று என்று 2020-இல் கண்டறிந்துள்ளனர். செவி குன்றிய ஒருவர் தொடங்கிவைத்த துறை, மறைந்துபோன உயிர்களின் செவியையும் இன்று ஆராய்கிறது!

மாணவ நண்பர்களே! ஊதியமில்லை, உரிமையில்லை, ஒரு காலத்தில் நாடும் இல்லை. எனினும் அம்மையாரின் பணி நின்றதில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நம்மில் பலர், வசதி இல்லையே என வருந்துகிறோம். ஆய்வுக்கூடத்தில் அந்த வருத்தம் வரும்போது இவரை நினைத்துக்கொள்வோம்.