கடல் கடந்த மடல்கள்

கொல்கத்தாவின் பார்சிபாகான் சந்தில் பதினான்காம் எண் வீடு ஒன்று இருந்தது. மருத்துவரும் ஓவியரும் எழுத்தாளரும் கூடி உரையாடி மகிழும் இல்லம் அது. இந்திய உளவியலை உலக அவைக்கு அழைத்துச் சென்ற அமைப்பும் அங்குதான் பிறந்தது. அவ்வீட்டிற்குரியவர் கிரீந்திரசேகர் போஸ்.

1887 ஆம் ஆண்டு பீகாரிலுள்ள தர்பங்காவில் அவர் பிறந்தார். தந்தையார் தர்பங்கா அரசரின் திவானாகப் பணியாற்றியவர். நகைச்சுவை எழுத்தால் வங்கமெங்கும் புகழ்பெற்ற ராஜசேகர் பாசு இவருடைய தமையனார். 1910 இல் மருத்துவப் பட்டம் பெற்ற போஸ், உடல்நோய்க்கு மருந்தளித்துவந்த காலத்திலேயே மனநோய்க்கும் வழி தேடினார். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கப்பட்டதும், மருத்துவராகப் பெயர்பெற்ற நிலையிலும் மாணவராக அமர்ந்து கற்றார்.

மனம் ஏற்க விரும்பாத எண்ணங்களை நனவிலிக்குள் ஒடுக்கிவைக்கும் இயல்பே அவருடைய முனைவர் பட்ட ஆய்வுப்பொருள். அதனை நூலாக்கி, 1921 இல் வியன்னாவிலிருந்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு அனுப்பினார். உளப்பகுப்பாய்வு என்னும் துறையைத் தோற்றுவித்த அவ்வறிஞருக்கு, தொலைவிலுள்ள இந்தியாவிலிருந்து இத்தகைய நூல் வந்தது வியப்பளித்தது. வியன்னாவிலிருந்து மறுமொழி வந்தது. அன்று தொடங்கிய மடல் உறவு பதினைந்து ஆண்டுகளுக்குமேல் நீடித்தது.

1922 இல் பதினைந்து உறுப்பினர்களுடன் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் உருவாயிற்று. கல்லூரி ஆசிரியர்களும் மருத்துவர்களும் அதில் மிகுதி. ஆங்கிலேயர் இருவரும் இருந்தனர். அதே ஆண்டில் பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கம் அதனை இணைத்துக்கொண்டது. நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலம் அது. ஆயினும் அக்கழகம் லண்டனின் கிளையாக நுழையவில்லை. தனக்கென ஒரு தலைவரைக் கொண்ட தனி அமைப்பாகவே நுழைந்தது. பன்னாட்டு ஆய்விதழின் முகப்பில் இந்தியாவின் சார்பில் போஸின் பெயர் இடம்பெற வேண்டுமென ஃபிராய்டே விரும்பினார்.

மடல்களில் ஆய்வு மட்டுமன்றி நகைப்பும் இருந்தது. ஃபிராய்டைக் கண்டிராத ஓவியர் ஜதீந்திரகுமார் சென், அவர் இப்படித்தான் இருப்பார் எனக் கற்பனையில் ஓர் உருவம் வரைய, போஸ் அதனை வியன்னாவுக்கு அனுப்பிவைத்தார். ஓவியம் அழகுதான், சாயல்தான் பொருந்தவில்லை! ஃபிராய்டு தம் நிழற்படத்தை அனுப்பி ஐயத்தைத் தீர்த்தார்.

கருத்து வேறுபாடுகள் அவ்வளவு எளிதில் தீரவில்லை. ஒவ்வொரு விருப்பத்திற்கும் நேர் எதிரான விருப்பமொன்று மனத்துள் உடன் உறைகிறது. மேலெழும் ஒன்று மற்றொன்றை அடக்குகிறது என்பது போஸின் கோட்பாடு. 1929 இல் தம் கட்டுரைகளை ஃபிராய்டின் பார்வைக்கு அனுப்பினார். ஐரோப்பிய நோயாளரிடம் வலுவாகக் காணப்பட்ட சில அச்சங்கள் தம்மிடம் வரும் இந்திய நோயாளரிடம் அத்துணை வலுவாக இல்லை எனவும் எழுதினார். உலகமே ஆசானாகப் போற்றிய ஒருவரிடம், அவருடைய முடிவு எங்கும் பொருந்துமா என வினவத் துணிவு வேண்டும். ஃபிராய்டு முழுதும் உடன்படவில்லை. எனினும் கருத்தைப் புறந்தள்ளாது மதித்து மறுமொழி தந்தார். போஸும் தம் நிலையிலிருந்து மாறவில்லை. கழகத்தின் உறவையும் முறித்துக்கொள்ளவில்லை.

1931 இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கழகத்தார் தந்தத்தாலான திருமால் சிலை ஒன்றை அனுப்பினர். ஃபிராய்டு அதனைத் தம் எழுதுமேசைமீது வைத்துக்கொண்டார். 1938 இல் கொல்கத்தாவில் இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழா நடைபெற்றபோது, சுவிட்சர்லாந்தின் உளவியலறிஞர் யுங் இந்தியாவுக்கு வந்திருந்தார். மடல் வழியே தொடங்கிய தொடர்பு நேரிலும் விரியும் காலம் வந்திருந்தது.

அறிவு அவையோடு நின்றுவிட்டால் நோயாளிக்கு என்ன பயன்? 1940 இல், தமையனார் அளித்த இடத்தில், கழகத்தின் சார்பில் லும்பினி பூங்கா மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1947 முதல் சமீக்ஷா என்னும் ஆங்கில ஆய்விதழும் வெளிவந்தது. தொடக்கம் முதல் கழகத்தின் தலைவராயிருந்த போஸ், 1953 இல் மறையும்வரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.

போஸும் ஃபிராய்டும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்ததில்லை. நாஜிக்கள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது ஃபிராய்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய சேகரிப்புகளோடு கொல்கத்தாவின் தந்தச் சிலையும் அங்குச் சென்று சேர்ந்தது.