கன்னங்கரா: கூடிப் பேசிக் கல்விச் சட்டம் கண்டவர்

இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் பெயரைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். அச்சாதனையை அவர் எவ்வழியில் நிறைவேற்றினார் என்பதோ அதிகம் பேசப்படுவதில்லை. போரினாலும் இடப்பெயர்வினாலும் ஒரு தலைமுறையின் படிப்பு இடைநடுவே அறுந்துபோன வன்னி மண்ணில், அவ்வழிமுறை இன்று மீட்டு நோக்கத்தக்கதாகும்.

1884ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி அம்பலாங்கொடையை அடுத்த ரந்தொம்பே கிராமத்தில் பிறந்த அவர், கணிதத் திறமையினால் புலமைப்பரிசில் பெற்றுக் காலி ரிச்மண்ட் கல்லூரியில் கல்வி கற்றார். கிராமத்துச் சிறுவனுக்கு ஆங்கிலக் கல்லூரியின் கதவு திறந்தது அந்தப் புலமைப்பரிசிலால்தான். அவ்வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரித்தாக வேண்டும் என்பதே, ஆசிரியராகவும் சட்டத்தரணியாகவும் விளங்கிய அவரது பொதுவாழ்வின் இலட்சியமாயிற்று.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசாங்க சபை உருவானது. அதன் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்த தலைவரே அத்துறையின் அமைச்சரானார். ஆகவே எந்த அமைச்சரும் தனித்துச் சட்டம் வகுத்துவிட முடியாது. குழுவிலிருந்த ஏனைய உறுப்பினர்களை இணங்கவைத்தே சபைக்கு வரவேண்டும். கல்விக் குழுவின் தலைவராகக் கன்னங்கரா 1931 முதல் 1947 வரை பதினாறு ஆண்டுகள் பணியாற்றினார்.

அக்காலம் குறையற்ற பொற்காலம் அன்று. 1936இல் அமைந்த அமைச்சரவையில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. அந்த அமைச்சரவையில் கன்னங்கராவும் இருந்தார். ஆயினும் சபையில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபர் ரி.பி. ஜாயா, யாழ்ப்பாணம் பரமேஸ்வராக் கல்லூரி அதிபர் சு. நடேசன் போன்ற கல்விமான்கள் அமர்ந்திருந்தனர். மன்னார் - முல்லைத்தீவு என்னும் தொகுதியின் ஊடாக வன்னியின் குரலும் அங்கு ஒலிக்க இடமிருந்தது. கல்வி பற்றிய சட்டங்கள் இத்தகையோரின் விவாதத்தைக் கடந்தே நிறைவேற வேண்டியிருந்தன.

1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் அவ்வாறு பிறந்ததாகும். 1940இல் கல்வி பற்றிய விசேட குழு அவரது தலைமையில் நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1943இல் வெளிவந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி மூலக் கற்பித்தல் ஆகியன அதன் முக்கிய விதந்துரைகளாகும். கடும் எதிர்ப்பும் நீண்ட விவாதமும் தொடர்ந்தன. அவற்றுக்குப் பின்னரே 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளும் எழுந்தன. இவ்வளவும் செய்தவரை 1947 தேர்தலில் மத்துகம தொகுதி தோற்கடித்தது வரலாற்றின் விந்தை எனலாம். 1969 செப்டெம்பர் 23ஆம் திகதி அன்னார் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற பணியில் இரண்டு குறைகள் உண்டு. விசேட குழு ஏட்டுக் கல்வியுடன் செய்முறைக் கல்விக்குரிய பாடசாலைகளையும் முன்மொழிந்தது. முன்னையது தழைத்தது, பின்னையது பின்தங்கியது. மேலும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறிய குடும்பங்கள் பல, அந்தத் தாமதத்தின் சுமையையும் தம்முடன் கொண்டுவந்தவையே.

தொழிற்கல்விக்கென 1990இன் 20ஆம் இலக்கச் சட்டமும், தொழிற்பயிற்சி அதிகார சபைக்கென 1995இன் 12ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. 2021இல் வவுனியா வளாகம் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் பள்ளிப் பருவத்தை முகாமில் கழித்தவருக்கும், குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கும், 1990இல் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து ஊர் திரும்பிய முஸ்லிம் இளைஞருக்கும் முப்பது, நாற்பது வயதில் மீண்டும் கற்கும் வழி எளிதாக இருக்க வேண்டும். தமிழில் கற்பித்தல், மாலை நேர வகுப்பு, அனுபவத்தால் பெற்ற திறனுக்குச் சான்றிதழ், போக்குவரத்து உதவி ஆகியன சலுகைகளாக அன்றி உரிமைகளாகச் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும்.

அச்சட்டத்தைக் கொழும்பு தனித்து எழுதினால் வன்னியின் தேவை அதில் இடம்பெறாது போகலாம். தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் தனித்தனியே மனுக் கொடுத்தாலும் பயன் சிறிது. வயது வந்தோர் கல்வி என்னும் இப்பொருளிலாவது இரு சமூகத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே வரைவைத் தயாரித்து, பாராளுமன்றத்தின் முன் வைத்தல் வேண்டும். உடன்படாதவர்களுடன் பதினாறு ஆண்டுகள் பேசிப் பேசியே ஒரு நாட்டின் பள்ளிக் கதவுகளைத் திறந்தார் கன்னங்கரா. அவர் திறக்காது விட்ட கதவைத் திறப்பதற்கும் வழி அதுவே.