மெலட்டூர் தந்த நாடக மேதை

திருக்கோவிலூரில் ஒரு காலை விண்ணுக்குத் தூக்கி நிற்கிறாரே உலகளந்த பெருமாள், அவருக்கு மூவடி மண் கொடுத்த மகாபலி யார் தெரியுமா? பிரகலாதனின் பேரன்! அந்தப் பிரகலாதன் கதையைப் பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகமாக்கியவர் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி.

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் வாழ்ந்தவர். தியாகராஜ சுவாமிகள் காலத்தவர். அப்போது தஞ்சையில் மராட்டிய மன்னர் ஆட்சி. சங்கீதத்துக்குத் தெலுங்கே பெரிதும் வழங்கியது. சாஸ்திரியும் தெலுங்கிலேயே பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம் முதலிய நாடகங்களை எழுதினார். ‘பாகவத மேளா’ என்பது இக்கலையின் பெயர்.

ஆடுவோர் ஊர்க்காரர்களே. பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். தகப்பன் ஆடியதை மகன் கற்றான்.

சாஸ்திரி மறைந்தார். 1855இல் தஞ்சை அரசும் முடிந்தது. ஆதரித்தவர் போனார்கள், பிழைப்புக்காக ஊரை விட்டவர்களும் பலர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாடகம் அடியோடு நின்றுவிடுமோ என்ற நிலை! ஊரார் சிலர் விடவில்லை. வழக்கறிஞர் இ.கிருஷ்ண ஐயர் துணை நின்றார். நாடகம் பிழைத்தது.

இன்றும் கோடையில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சன்னதியில் விடிய விடிய ஆட்டம். வெளியூரில் வேலை பார்ப்போர் விடுப்பு எடுத்து வந்து வேடம் கட்டுகிறார்கள். அரசு போயும் சாஸ்திரியின் நாடகம் போகவில்லை. காத்தது அவர் ஊர்!